கலீலுர் றஹ்மான் திரும்பப் பெற்ற கவிதை

கலீலுர் றஹ்மானுக்கு வேலையிலிருந்து ஓய்வு கிடைத்த பிறகுதான் சத்தம் தொடங்கியது.

வேலை பார்த்த காலமெல்லாம் சத்தத்துக்கு நடுவிலேயே நின்றவர் அவர். சீனக்குடாப் பக்கத்து ஜெட்டியில் கோதுமைக் கப்பல் வந்து கட்டினால், அதன் வயிற்றுக்குள் பெரிய குழாயை இறக்கித் தானியத்தை உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தை ஓட்டுவது அவருடைய பொறுப்பு. அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவரோடுகூடக் கையால்தான் கதைக்க முடியும். காதுக்குப் போட உறை கொடுத்திருந்தார்கள். காது வியர்க்கிறது என்று சொல்லி அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்டார். ஓய்வு பெற்று கிண்ணியாவில் வீட்டோடு இருக்கத் தொடங்கிய முதல் வாரமே, யாரும் இல்லாத நேரத்தில் காதுக்குள் ‘ஊ’ என்று ஓர் இரைச்சல் கேட்டது. ஃபேனை நிறுத்திப் பார்த்தார். குளிர்சாதனப் பெட்டியின் வயரைக் கழற்றிப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டாரோ என்று மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இரைச்சல் நிற்கவில்லை.

“உங்கட காதுக்குள்ள சத்தம் எண்டா, ஏன் என்ட ஃபேனை நிப்பாட்டுறீங்க?” என்று கேட்டாள் மனைவி றுக்கியா.

திருகோணமலைக்குப் போய்க் காது டொக்டரைப் பார்த்தார். டொக்டர் இளம் ஆள். காதைப் பார்த்துவிட்டு ஒளிக்காமல் சொன்னார்.

“இது மாறாது ஐயா. பழகிக்கொள்ள வேணும். தியானம் மாதிரி ஏதாவது செய்து பாருங்கோ. மனம் ஒரு இடத்தில நிண்டால் சத்தம் தெரியாது.”

“தொழுகையிலயே மனசு நிக்குதில்ல டொக்டர். சுஜூதுல நெத்திய வெச்சா இன்னும் கூடக் கேக்குது.”

“அப்ப உங்களுக்குப் பிடிச்ச வேற ஏதாவது.”

அப்படியொன்று தனக்கு இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை.

சில நாள் கழித்து லிங்கநகரிலிருந்து சோமசேகரம் வாட்ஸ்அப்பில் நலம் விசாரித்தார். அதே ஜெட்டியில் நிறுவை அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். காது எப்படி என்று கேட்டிருந்தார். கலீலுர் றஹ்மான் முற்றத்துத் தேசி மரத்தின் கீழே கதிரையைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் பதில் எழுதத் தொடங்கினார். இரைச்சல் என்று எழுதினார். சரியாக இல்லை, அழித்தார். மோட்டார் என்று எழுதினார், அதையும் அழித்தார். கடைசியில் இப்படி வந்தது:

காதுக்குள் ஒரு கப்பல்.
இன்னும் இறக்கி முடியவில்லை.

அனுப்பிவிட்டு நிமிர்ந்தபோது வெயில் முற்றத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது. அவ்வளவு நேரமும் சத்தம் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் கேட்கத் தொடங்கிவிட்டது.

சோமசேகரம் உடனே பதில் போட்டார். “ஐசே, இது கவிதையெல்லோ!”

அப்படித்தான் ஆரம்பம். விடியச் சுபஹ் தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து வந்ததும் அவர் தேசி மரத்தடியில் கைபேசியோடு உட்காருவார். கிண்ணியாப் பாலத்தைப் பற்றி எழுதினார். ஐஸ் உருகி ஒழுக ஒழுகப் போகும் மீன் லொறியைப் பற்றி, கிணற்றடியில் சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போன காகத்தைப் பற்றி எழுதினார். ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்வரை இரைச்சல் எங்கோ போய்விடும்; சொல் கிடைத்ததும் திரும்பி வரும். ஆகையால் அவர் எதையும் அவசரப்பட்டு முடிப்பதில்லை. நாலு வரிக்கு ஒரு கிழமை எடுத்ததும் உண்டு. றுக்கியா தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

“முடிஞ்சா?”

“இன்னும் இல்ல.”

என்ன எழுதுகிறீர்கள் என்று அவள் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை.

சோமசேகரம் அவரைச் சும்மா விடவில்லை. பௌர்ணமி விடுமுறையான போயா நாள் பின்னேரங்களில் சோமசேகரம் வீட்டு விறாந்தையில் எழுதுகிற சனம் கொஞ்சம் கூடுவது வழக்கம். ஒவ்வொருவரும் தாங்கள் எழுதியதை வாசிப்பார்கள். மற்றவர்கள் அபிப்பிராயம் சொல்வார்கள். சோமசேகரத்தின் மனைவி வடை சுடுவார். கலீலுர் றஹ்மான் முதல்முறை போனபோது அந்தக் கப்பல் கவிதையை வாசித்தார். வாசித்து முடித்ததும் யாரோ “ம்ம்” என்றார்கள். அந்த ஒரு ‘ம்ம்’ பஸ்ஸில் வீடு வரும்வரை அவர் கூடவே வந்தது. அதன் பிறகு ஒரு போயாவையும் அவர் விடவில்லை. மகள் சனூஸா முகநூலில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தாள். அவள் மூதூரில் ஆசிரியை. அங்கேயே கலியாணம் முடித்து இருக்கிறாள். வாப்பா கவிதை எழுதுவது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

இனி றுக்கியாவைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. குர்ஆனைத் தங்கு தடையில்லாமல் ஓதுவாள். தமிழ் எழுத்து அவளுக்கு வராது. இரண்டாம் வகுப்பில் இருந்தபோது தாய்க்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். தாயும் நோயில் விழுந்தாள். பிள்ளைகளைத் தூக்கவென்று வீட்டில் நின்ற றுக்கியா பிறகு பள்ளிக்கூடம் போகவேயில்லை. கலியாணமான முதல் வாரத்தில் அவர் பத்திரிகையில் ஏதோ ஒரு செய்தியைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது அவள் உண்மையைச் சொன்னாள். சொல்லிவிட்டு, “இத ஒருத்தருக்கும் சொல்லப்படா” என்றாள். அவர் சரி என்றார்.

அதற்குப் பிறகு அவள் அதை மறைத்த கெட்டித்தனத்தை அவர் ஒருவர்தான் பக்கத்திலிருந்து பார்த்தவர். மருந்தைக் குளிசையின் நிறத்தால் அறிவாள். பஸ்ஸைப் பலகை பார்த்து ஏறமாட்டாள், சாரதியின் முகத்தைப் பார்த்து ஏறுவாள். யாராவது கடதாசியை நீட்டினால், “கண்ணாடிய வீட்டுல விட்டுட்டன் மகள், நீங்களே வாசிங்க” என்பாள். கைபேசியில் குரலில் மட்டும் பேசி அனுப்புவாள். படம் வந்தால் சிவப்பு இதயத்தை அமத்திவிடுவாள். சனூஸாவுக்கும், கட்டாரில் வேலை செய்யும் மகன் நஸ்ரிக்கும்கூட இது தெரியாது. தெரிந்திருந்தாலும் கேட்டதில்லை.

ஒருநாள் காலை அவர் தேசி மரத்தடியில் இருந்தபோது, அவள் தேத்தண்ணியை வைத்துவிட்டு, எழுத்து நிறைந்த கைபேசித் திரையை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போனாள். அன்றைக்குச் சொல் தேட வேண்டி வரவில்லை. வரிகள் தாமாகவே வந்தன:

மருந்தை நிறத்தால் அறிவாள்,
பஸ்ஸைச் சாரதியின் முகத்தால் அறிவாள்.
கண்ணாடியை வீட்டில் விட்டேன் என்பாள்;
அவளிடம் கண்ணாடியே இல்லை.
இத்தனை எழுதுகிறேன்,
ஓரெழுத்தும் அவளைப் போய்ச் சேராது.

தான் எழுதியதில் இதுதான் நல்லது என்று அவருக்குத் தெரிந்தது. அந்தப் போயாவில் வாசித்தார். விறாந்தையில் ஒருவரும் ‘ம்ம்’ சொல்லவில்லை. சோமசேகரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வைத்தியசாலையில் தாதியாக இருக்கும் நிவேதிகா மட்டும் கேட்டாள்.

“ஐயா, உங்கட மனுசிக்கு இது தெரியுமோ?”

“அவவுக்கு எப்படித் தெரியும், வாசிக்க ஏலாதே” என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நிவேதிகா சிரிக்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை.

அன்றிரவே முகநூலில் போட்டார். அதுவரை அவருடைய கவிதைகளை வாசித்தவர்கள் உறவுக்காரர்களும் பழைய வேலைக் கூட்டாளிகளும்தான். இது ஊரெல்லாம் போனது. தெரியாத ஆட்கள் எழுதினார்கள். கொழும்பிலிருந்து ஒருவர் தன் தாயும் இப்படித்தான் என்று எழுதினார். யாரோ ஒருவர் எழுதியவர் பேரை விட்டுவிட்டு, பின்னால் சூரியன் மறைய முக்காடு போட்ட பெண் நிற்கிற படமொன்றில் வரிகளைப் பதித்து அனுப்பிவைத்தார். இரண்டு கிழமை கலீலுர் றஹ்மானின் கைபேசி ஓயவில்லை. அவர் தெருவில் நடந்த நடையே வேறாக இருந்தது.

பிறகு ஒரு காலையில் றுக்கியா பிரஷர் மருந்து வாங்கப் போனாள், வெறுங்கையோடு வந்தாள். செருப்பைக் கழற்றாமலே தேசி மரத்தடிக்கு வந்து நின்றாள்.

“பார்மசிக்காரப் புள்ள எனக்கு மருந்து வாசிச்சுச் சொல்லுது.”

“அதுக்கென்ன? நல்ல புள்ள.”

“நான் கேக்காமச் சொல்லுது. ‘உம்மா, நிறத்தப் பார்த்துக் குடிக்காதீங்க, கம்பனி மாறினா நிறமும் மாறும்’ எண்டு சொல்லுது. நிறத்தப் பார்த்துத்தான் குடிக்கிறன் எண்டு அவளுக்கு ஆர் சொன்ன?”

அவர் கைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார்.

“பக்கத்துல நிண்ட பொம்புளையும் தலையாட்டுறா. எல்லாரும் என்னப் பாவம் பார்க்கிறாங்க. என்ன எழுதினீங்க?”

“உன்னப் பத்தி நல்லாத்தான் எழுதினன் றுக்கியா.”

“வாசிங்க பாப்பம்.”

அவர் வாசித்தார். அவளுக்கு அவர் ஒரு கவிதையை வாசித்துக் காட்டியது அதுதான் முதல் தடவை. சோமசேகரம் வீட்டு விறாந்தையில் ஓங்கி நின்ற குரல் முற்றத்தில் நிற்கவில்லை. கண்ணாடியே இல்லை என்ற இடத்தை அவசரமாக வாசித்துக் கடந்தார். அவள் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றாள். “பொய் ஒண்டும் இல்ல. ஆனா இது உங்கட இல்ல, என்ட. சின்ன வயசுல இருந்து பாடுபட்டு நான் மறைச்சு வெச்சிருந்தது. அத எடுத்து நீங்க பேர் வாங்கியிருக்கீங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போனாள். அழவில்லை, பாத்திரத்தை எறியவில்லை. பகலுக்குச் சோறும் மீன் ஆணமும் வழமைபோல் வந்தன. பேச்சுத்தான் நின்றது. கேட்டால் பதில் வரும். அதற்கு மேல் வராது. மருந்துக்கு அவள் அந்தக் கடையை விட்டுவிட்டு, பஸ் ஏறிப் போக வேண்டிய தூரத்துக் கடைக்குப் போகத் தொடங்கினாள்.

அவர் முகநூலில் இருந்த கவிதையை அன்றைக்கே அழித்தார். அழித்தென்ன, அது போக வேண்டிய இடமெல்லாம் போயிருந்தது. தேசி மரத்தடியில் உட்கார்ந்தால் எழுத ஒன்றும் வரவில்லை. காதிரைச்சல் முன்னையைவிடக் கூடியது. நித்திரை போனது.

சனிக்கிழமை சனூஸா மூதூரிலிருந்து வந்தாள். அவளும் வாசித்திருந்தாள். நேரே குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மாவிடம் போனாள்.

“உம்மா, எனக்காவது சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல்ல?”

“சொல்லியிருந்தா நீ எனக்கு டீச்சராகியிருப்பாய். நான் உனக்கு உம்மாவா இருக்க நினைச்சன்.”

“இப்பயும் படிக்கலாம் உம்மா. நான் லீவுல வந்து நிண்டு காட்டித் தாறன். கனநாள் எடுக்காது.”

“வேணாம். வேணுமெண்டா நானே கேப்பன்.”

சனூஸா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. போகும்போது முற்றத்தில் நின்று, “நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் வாப்பா” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்கு லேசாக இருந்திருக்கும்.

அதுவரை அவருடைய மனதில் ஒரு மூலையில், றுக்கியா இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டுவிட்டாள் என்ற நினைப்பும் இருந்தது. உலகமே மெச்சிய கவிதை, அன்பினால் எழுதியது. அந்த நினைப்பும் ஒருநாள் போனது. றுக்கியாவின் கைபேசியில் இடமில்லை, படம் அனுப்ப முடியவில்லை என்று நஸ்ரி கட்டாரிலிருந்து சொன்னான். அவர் அதை வாங்கிப் பழைய படங்களை அழித்துக்கொண்டு வந்தார். நடுவில் சூரியன் மறையும் படம் கிடந்தது. முக்காடு போட்ட பெண், மேலே அவருடைய வரிகள். படத்தில் பேர் இல்லாததால், யார் எழுதியது, யாரைப் பற்றியது என்று தெரியாமல் முகநூல் பார்க்காத நஸ்ரி உம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். பார்மசியில் அந்தப் பேச்சு நடப்பதற்கு முன்பே அனுப்பியது. றுக்கியா வழமைபோல் சிவப்பு இதயத்தை அமத்தியிருந்தாள்.

அவர் அந்தப் படத்தை அழித்தார். கைபேசியைக் கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். அதைப் பற்றி அவர் அவளிடம் சொல்லவேயில்லை.

அடுத்த நாள் சோமசேகரம் கைபேசியில் கோல் எடுத்தார். போயாக் கூட்டத்தின் கவிதைகளைச் சேர்த்துச் சிறு புத்தகமொன்று அச்சுக்குப் போகப்போகிறது; கலீலுர் றஹ்மானின் கவிதைதான் முதல் பக்கம். கலீலுர் றஹ்மான் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் நேர வாறன்” என்றார். பகல் பஸ்ஸிலேயே லிங்கநகர் போனார். நிவேதிகாவும் அங்கே இருந்தாள். அச்சுப் பிழை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத எடுங்க சோமு.”

“எதை?”

“முதல் பக்கத்த.”

“உங்களுக்கென்ன விசரா? இந்தப் புத்தகத்திலயே நல்ல கவிதை உதுதான்.”

“தெரியும். அதவிட நல்லா எனக்கு எழுத வராது எண்டும் தெரியும்.”

“பேரில்லாமப் போடுவம். ஆர் எண்டு ஆருக்குத் தெரியப்போகுது?”

“அவவுக்குத் தெரியும். அது அவவுக்குச் சொந்தமானது. நான் கேக்காம எடுத்திட்டன்.”

சோமசேகரத்துக்கு ஏறவில்லை. கவிதை எழுதியவனுக்குத்தான் சொந்தம் என்றும், இப்படிப் பார்த்தால் யாரும் யாரைப் பற்றியும் எழுத முடியாது என்றும் வாதாடினார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கலீலுர் றஹ்மான் கதிரையை விட்டு எழும்பவில்லை. கடைசியில் நிவேதிகாதான் பென்சிலை எடுத்து அந்தப் பக்கத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.

“அந்தக் காகக் கவிதையைத் தாங்கோ ஐயா. சவர்க்காரம் தூக்கின காகம். அது எனக்குப் பிடிச்சது.”

அவர் வீடு வந்து சேரும்போது பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லியாகிவிட்டது. றுக்கியா கொடியிலிருந்து உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னார்.

“கவலையா?” என்று கேட்டாள்.

“ஓம்.”

“இருக்கும்தானே.”

அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் பின்னேரத் தேத்தண்ணியை வைத்துவிட்டுத் திரும்பிப் போகாமல், மற்றக் கதிரையை இழுத்து உட்கார்ந்தாள்.

“நீங்க எழுதுங்க. எழுதாம இருந்தா இரவெல்லாம் ஃபேனை நிப்பாட்டுறதும் போடுறதுமா என்னயும் உறங்க விடமாட்டீங்க. ஆனா ஒண்டு. எங்க அனுப்புறதெண்டாலும் முதல்ல எனக்கு வாசிக்கணும். அதுல நான் இல்லையெண்டா என்னவும் செய்யுங்க. நான் இருந்தா, நான் சொல்றதுதான்.”

“சரி.”

“கலியாணம் முடிச்ச புதுசுலயும் சரியெண்டுதான் சொன்னீங்க.”

அவர் தேத்தண்ணியை எடுத்துக் குடித்தார்.

அதன் பிறகு காலையில் அவர் எழுதுவதை அவள் கேட்கத் தொடங்கினாள். கேட்பது என்றால் மெச்சுவது இல்லை. சில நேரம் பாதியில் எழும்பி அடுப்பைப் பார்க்கப் போவாள். “இதுல நான் இல்லையே?” என்பாள். இல்லை என்றால் “அப்ப அனுப்புங்க” என்பாள். அவள் காதில் விழ வேண்டும் என்பதற்காகவே சொற்களை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதும் பழக்கம் அவருக்கு வந்தது. புத்தகம் காகத்தோடு வெளிவந்தது. யாரும் அதைப் பற்றிப் பெரிதாகப் பேசவில்லை. மருந்துக்கு அவள் இன்னமும் தூரத்துக் கடைக்குத்தான் போகிறாள்.

மழைக்காலம் தொடங்கியபோது அவர் அவளை வைத்து மறுபடி ஒன்று எழுதினார். எழுதி இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் தங்கள் வீட்டு விறாந்தையில் அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருக்கும்போது வாசித்தார்:

பேச்சு நின்ற நாட்களிலும்
தேநீர் நேரத்துக்கு வந்தது.
கோப்பையின் சூடு சொன்னது:
பாவம், அவளுக்குப் போக்கிடம் இல்லை.
நான் குடித்தேன்.

றுக்கியா இலையை உருவுவதை நிறுத்தினாள்.

“நாலாவதாச் சொன்னத எடுங்க.”

“ஏன்?”

“எனக்குப் போக்கிடம் இல்லையெண்டு ஆர் சொன்ன? இது என்ட உம்மா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. போறதெண்டா நீங்கதான் போகணும்.”

அவருக்குச் சிரிப்பு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்று கண்டு அடக்கிக்கொண்டார்.

“அத எடுத்தா கவிதை நிக்காது றுக்கியா. கோப்பை சொன்னது எண்டு வந்தா என்ன சொன்னது எண்டு வரத்தானே வேணும்.”

“வேற ஏதாவது சொல்லச் சொல்லுங்க.”

அவர் அன்று முழுவதும் தேடினார். கோப்பை வேறு எதையும் சொல்ல மறுத்தது. தேடிய நேரமெல்லாம் இதமாகத்தான் இருந்தது; ஆனால் வரி கிடைக்கவில்லை. பின்னேரம் நாலாம் வரியை எடுத்துவிட்டு, மிச்சத்தை அப்படியே அவளுக்கு வாசித்துக் காட்டினார். அவள் கேட்டுவிட்டு, “இப்ப அனுப்புங்க” என்றாள். நொண்டுகிறது என்று தெரிந்துகொண்டே அவர் அதைச் சோமசேகரத்துக்கு அனுப்பினார்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “ஐசே, கோப்பை என்ன சொன்னது எண்டதைக் காணேல்லையே?”

“அத எடுத்தாச்சு” என்று கலீலுர் றஹ்மான் ஒற்றை விரலால் எழுதினார்.